ஏழு பல் சக்கரமும் மெல்லிய செயினும்

பிப்ரவரி 18, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கடைசிச் சோதனை வெட்டில் விழுந்த கட்டைத் துண்டை அளக்காமலேயே 'சரி' என்று எழுதிவிட்டேன். வெர்னியர் அளவுகோல் சட்டைப் பையில்தான் இருந்தது. எட்டு மணி ஆகப்போகிறதென்று காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது என்று தெரியும்.

இப்படி எழுதி வைத்துவிட்டுப் படுத்தவன், மறுநாள் காலை ஆறு மணிக்குத் தேநீர் போட்டு, டம்ளரை அதே துண்டின் மேல் வைத்தான். இயந்திரம் பழுதுபார்க்கக் கற்கும் மாலை வகுப்பிலிருந்து ஞாபகத்துக்கென்று பையில் போட்டு எடுத்துவந்த துண்டு அது. ஒரு சாண் அகலம், இரண்டு விரல் கனம், வட்டமாக, இன்னும் ஈரவாசம் போகாமல் இருந்தது. வைத்தவன் டம்ளரைப் பார்த்தான். தேநீர் ஒரு பக்கம் விளிம்பை எட்டிக்கொண்டும் மறுபக்கம் இறங்கியும் நின்றது.

டம்ளரைச் சுற்றினான். தேநீர் அதே பக்கம்தான் சாய்ந்தது. துண்டைச் சுற்றினான். சாய்வும் கூடவே சுற்றியது. மேசை கோணலாக இருக்கலாம் என்று டம்ளரை வெறும் மேசையில் வைத்துப் பார்த்தான். தேநீர் நேராக நின்றது. அப்புறம்தான் நேற்றே எடுக்க வேண்டியிருந்த வெர்னியரை எடுத்தான். ஒரு ஓரம் முப்பத்தொரு மில்லிமீட்டர். எதிர் ஓரம் இருபத்தாறு.



கட்டையின் முனையை வகுப்பில் முன்பே மேசை ரம்பத்தில் நூல் பிடித்தாற்போல அறுத்து வைத்திருந்தார்கள். ஆகவே கோணல் அவன் வெட்டிய பக்கத்தில்தான். அவன் கையா, அவன் அமைத்த செயின் ரம்பமா என்பதுதான் கேள்வி. கை என்றால் பரவாயில்லை. ரம்பம் என்றால், அது இந்நேரம் அக்காவின் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. மரமேறும் பெண்மணி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டடங்களின் மேல் சாய்ந்த கிளைகளையும் மின்கம்பியில் உரசும் கொம்புகளையும் கயிறு கட்டி ஏறி அறுத்து இறக்குவது அவர் தொழில். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். கீழே கயிறு பிடிக்கும் அவருடைய கொழுந்தனார் மட்டும் அண்ணி என்பார். மூன்று வாரத்துக்கு முன் அவர்கள் இரண்டு பேரும் மாலை வகுப்புக்கு வந்து, வகுப்பு நடத்தும் மாஸ்டரிடம் ஒரு சின்ன ரம்பத்தைக் கொடுத்தார்கள். ஒற்றைக் கையில் பிடித்து மரத்தின் மேல் வேலை செய்கிற வகை. யாரோ அதன் புகைக்குழாயைப் பெரிதாக்கி, இன்ஜின் வேகத்தை ஏற்றி வைத்திருந்தார்கள்.

"வேகம் ஏறுச்சு மாஸ்டர், ஆனா வேலை ஏறல" என்றார் அக்கா. "என் முழங்கை வேற ஒத்துழைக்க மாட்டேங்குது. லேசா இருக்கணும், சீக்கிரம் அறுக்கணும். உங்க புள்ளைங்கள்ல யாராவது இதுக்கு ஏத்த சக்கரமும் செயினும் பாத்துப் போட்டாங்கன்னா, அவங்களையே எங்க ஷெட்டுக்கு எடுத்துக்கறேன். ரம்பத்தையெல்லாம் பாத்துக்க ஒரு ஆளு வேணும்."

மாஸ்டர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கொரு ஜோடியாக நின்றார்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஜோடி இல்லாமல் நின்றவன் இவன் ஒருவன்தான். "வெர்னியர்கிட்ட குடுங்க" என்றார் மாஸ்டர். எப்போதும் பையில் அளவுகோலோடு திரிந்ததால் வகுப்பில் அவனுக்கு அதுவே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுவது தங்கை மட்டும்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை போனில்.

பகலில் அவனுக்கு வேலை நீரேற்று நிலையத்தில். ஐந்து பம்புகள், பதினோரு அழுத்தமானிகள், ஒரே ஒரு நாற்காலி. மணிக்கொரு தடவை முள் நிற்கும் இடத்தைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். முள் அநேகமாக நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும். மாலை ஆள் மாற வருகிறவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவார். "எல்லாம் சரியா?" என்று அவர் கேட்பதும் "சரி" என்று இவன் சொல்வதும் அந்த இரைச்சலில் உதட்டசைவாகத்தான் நடக்கும். சில நாள் வகுப்புக்குப் போய் "ஸ்பேனர் குடுங்க" என்று கேட்கும்போதுதான் அன்றைக்குத் தன் குரலையே முதல்முறையாகக் கேட்பான்.

அக்காவின் ஷெட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறான், பழைய செயின்களை வாங்கி வர. சுவரில் வரிசையாக ஐந்து ஆணிகள். நான்கில் கோப்பைகள் தொங்கின. ஐந்தாவது ஆணி காலி. அவன் அந்த ஷெட்டில் வேறு எதையெல்லாம் பார்த்தானோ, திரும்பி வரும் வழியெல்லாம் மனதில் நின்றது அந்த ஆணிதான்.

மூன்று வாரமும் வரிந்து கட்டிக்கொண்டு வேலை பார்த்தான். நோட்டில் கோடு போட்டுக் கட்டம் பிரித்தான்: தேதி, சக்கரத்தின் பல், பார், செயின், வெட்ட ஆன நொடி. பார் என்பது செயின் ஓடுகிற நீண்ட இரும்புப் பட்டை. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் உண்டு. செயினின் அடிப்பகுதி அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். இன்ஜின் ஒரு பல்சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் செயினை இழுக்கும். பல் கூடினால் செயினின் வேகம் கூடும், ஆனால் இழுக்கும் பலம் குறையும். இவ்வளவுதான் சங்கதி. இவ்வளவு சங்கதிக்குள் மனிதனைக் கிறுக்காக்க எத்தனையோ இருந்தது.

முதலில் இருந்தது ஆறு பல். கட்டைக்குள் திணறாமல் போகும், ஆனால் நிதானமாகப் போகும். வகுப்பில் எல்லோரும் எட்டுப் பல்லைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எட்டுப் பல் மாட்டி முடுக்கியதும் ரம்பம் வீறிட்ட வீறலில் பக்கத்து வெல்டிங் வகுப்பிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டையில் வைத்ததும் பாதி வழியில் முக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"காத்துல பறக்குது, கட்டையில படுத்துக்குது" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"உன்ன மாதிரியே" என்றான் அவனுடைய ஜோடி.

இவனும் சிரித்தான். ஆனால் சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார்கள்.

ஏழு பல் இரண்டுக்கும் நடுவே வந்தது. ஏழோடு வழக்கமான செயினை, அதாவது அடிப்பகுதி ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர் கனமுள்ளதை, மாட்டி பதினைந்து வெட்டு வெட்டினான். அப்புறம் மெல்லிய செயின், ஒன்று புள்ளி ஒன்று, அதற்கென்றே உள்ள குறுகிய பள்ளத்துப் பாரோடு. மரத்தில் விழும் கோடும் மெலிது, இன்ஜினுக்குப் பாரமும் குறைவு. சராசரியில் முக்கால் நொடி மிச்சம். ரம்பத்தின் எடையும் ஒரு முட்டை அளவுக்குக் குறைந்தது. அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டான். முடிவு செய்துவிட்ட பிறகும் அவனுக்கு அடங்கவில்லை. ஒரு தடவை எண்ணெய் மூடி பற்றியும் இன்னொரு தடவை பாரை இறுக்கும் நட்டு பற்றியும் அக்காவுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்டான். இரண்டு தடவையும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"தம்பி, நீ பூட்டுன கதவ மூணு தடவ தள்ளிப் பாக்குற ஆளா?" என்று கேட்டார் அக்கா.

"நாலு தடவ" என்று உண்மையைச் சொன்னான். எதிர்முனையில் அவர் சிரித்தது அவனுக்குப் பிடித்திருந்தது.

நேற்று மாலை வகுப்பு முடிகிற நேரத்தில் அக்கா வந்தார். ரம்பத்தைத் தூக்கிப் பார்த்தார், முழங்கையை மடக்கி நீட்டினார், தலையாட்டினார். அப்புறம் பாரைப் பார்த்தார்.

"என் பாரு எங்க?"

"அது கழட்டி வச்சிருக்கேன் அக்கா. இது லேசா இருக்கும்."

"லேசு கெடக்கட்டும். அதுல நான் வெள்ளைப் பெயின்ட்ல கோடு போட்டு வச்சிருக்கேன் பாரு, முழங்கை நீளம். மேல நின்னுட்டு அளவுகோலா தேட முடியும்? அந்தக் கோட்ட வச்சுதான் கிளைய அளக்கறேன். அதையே மாட்டிக் குடு."

பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தான். ஒரு வெட்டு வெட்டிக் காட்டினான். வெட்டு விறுவிறுவென்று இறங்கியது. துண்டு கீழே விழுந்தது. "திங்கட்கிழமை காலைல ஷெட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டு அக்கா ரம்பத்தோடு போனார். அவன் நோட்டில் கடைசி வரியை நிரப்பினான்.

இப்போது தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அந்த வரியைத் திறந்து விரலை வைத்துப் படித்தான். சக்கரம் என்ற கட்டத்தில், மேலே எழுதிய அதே ஏழு பல் என்பதற்காக, மேற்படிக் குறி. பார் என்ற கட்டத்தில் 'அக்காவுடையது'. செயின் என்ற கட்டத்தில் மறுபடியும் மேற்படிக் குறி.

அந்த இரண்டு சின்னக் கோடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவின் பார் பழைய வகை. பள்ளம் ஒன்று புள்ளி மூன்று. அவன் பாரை மட்டும் மாற்றியிருந்தான். செயின் ஒன்று புள்ளி ஒன்றிலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நீளம் ஒன்று, கண்ணி எண்ணிக்கை ஒன்று, சக்கரத்திலும் இரண்டும் ஒன்றுபோலவே உட்காரும். பள்ளத்துக்குள் மட்டும் கால்வாசி மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய இடம் விட்டு, செயின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். கோணலாக அறுக்கும். கிளை இறுக்கிப் பக்கவாட்டில் நெருக்கினால் பாரை விட்டே கழன்று தெறிக்கலாம். கீழே நின்று அறுக்கிறவருக்கு அது ஒரு தொல்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டு, தன்னைத் தாங்கும் கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி அறுக்கிறவருக்கு அது வேறு.

போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். மறுபடி போட்டான். கொழுந்தனாரின் எண் அவனிடம் இல்லை. மாஸ்டரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. நேற்றுப் போகும்போது அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது: "நாளைக்கு நூலகத்துக்குப் பின்னாடி பெரிய மரம், ஏழு மணிக்கெல்லாம் ஏறிடுவேன்." மணி ஆறு இருபது. தேநீரைக் குடிக்கவில்லை. துண்டையும் நோட்டையும் வெர்னியரையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனான். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். 'சந்தேகமா இருக்கு' என்று ஆரம்பித்தால் சிரிப்பார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை வீணாகப் போன் போட்டாயிற்று. சொல்லாமல் விட்டால்? அக்கா கைப்பழக்கத்தில் சமாளித்துவிடலாம். நூற்றில் தொண்ணூறு தடவை ஒன்றும் ஆகாது. திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய், யார் கண்ணிலும் படாமல் செயினை மாற்றிவிடலாம். காலி ஆணியில் கோப்பை தொங்கும். இந்தக் கணக்கு ஓடி முடிவதற்கு இரண்டு நிறுத்தங்கள் ஆயின. முடிந்ததும் அவனுக்குத் தன் மேலேயே கூச்சமாக இருந்தது. நூலக நிறுத்தத்துக்கு முன்பே, சிக்னலில் வண்டி நின்றபோது, இறங்கி ஓடினான்.

அக்கா ஏற்கெனவே மேலே இருந்தார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல், ஒரு கவட்டையில் காலை ஊன்றி, கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். சின்ன ரம்பம் இடுப்பிலிருந்து ஒரு வாரில் தொங்கியது. கொழுந்தனார் கீழே கயிறு பிடித்து நின்றார்.

"பாரு அண்ணி, ஆள் வந்தாச்சு" என்றார் கொழுந்தனார். "என்ன வெர்னியர், மரத்த அளக்க வந்தியா? நானே சொல்றேன், பெரிசு."

"அக்காவ இறங்கச் சொல்லுங்க."

"ஏன், இந்தத் தடவ எது? எண்ணெய் மூடியா, நட்டா?"

"என்னடா அங்க?" என்று மேலேயிருந்து அக்காவின் குரல்.

"உங்க ஆளுதான். கதவ அஞ்சாவது தடவ தள்ளிப் பாக்க வந்திருக்கான்."

மேலேயிருந்தும் சிரிப்பு வந்தது. அண்ணாந்து பார்த்தான். இலைகளுக்கு நடுவே அக்காவின் பூட்ஸ் அடிப்பாகமும், தொங்கும் ரம்பத்தில் வெள்ளைப் பெயின்ட் கோடும் மட்டும் தெரிந்தன.

"அக்கா, சந்தேகம் இல்ல. தப்பு. நான் தப்பான செயின் போட்டுக் குடுத்துட்டேன். அத ஸ்டார்ட் பண்ணாதீங்க."

சிரிப்பு நின்றது. அப்புறம் பூட்ஸ் இறங்க ஆரம்பித்தது.

தரையில் கால் வைத்ததும் அக்கா வாரிலிருந்து ரம்பத்தைக் கழற்றி அவனிடம் நீட்டினார். அவன் வெர்னியரால் செயினின் அடிப்பகுதியைப் பிடித்துக் காட்டினான். ஒன்று புள்ளி ஒன்று. பாரில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினான். ஒன்று புள்ளி மூன்று. செயினை விரலால் பக்கவாட்டில் அசைத்தான். அது சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தான். அக்கா அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். கைகள் இணையாக நிற்கவில்லை.

"நேத்து வெட்டுனதா?"

"ஆமா."

"நேத்தே தெரியுமா?"

"அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அளக்கல. காலைலதான் பாத்தேன்."

"எல்லாத்தையும் அளக்குற ஆளு" என்றார் கொழுந்தனார். குரலில் கேலி குறைந்திருந்தது. "இத மட்டும் விட்டுட்டியே தம்பி."

"கட்டத்துல மேற்படின்னு போட்டுட்டேன்" என்றான். அது அவர்களுக்குப் புரியாது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினான். அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்தார். மூன்று வாரத்து வெட்டுகள், நூற்றுக்கும் மேல், நொடியும் பத்தில் ஒரு பங்கும் போட்டு எழுதியிருந்தது. பக்கத்தைத் திருப்பி முன்னால் போனார், பின்னால் வந்தார். பிறகு நோட்டை மூடிக் கொடுத்தார்.

"இன்னிக்குப் பெரிய மெஷின்லயே பண்ணிக்கறேன்" என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டு, முழங்கையைத் தடவிக்கொண்டார். அந்தத் தடவலை அவன் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"தம்பி, உள்ளதச் சொல்லிடறேன். திங்கட்கிழம வர வேண்டாம். கோபம் இல்ல. மேல ஏறிட்டா நான் மெஷினத் திரும்பிப் பாக்க மாட்டேன், பாக்க முடியாது. பாக்காமலே வேலை செய்யற மாதிரி இருக்கணும் எனக்கு."

"புரியுது அக்கா."

"வந்து சொன்ன பாரு, அதுக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டார். பிறகு வேறொன்றைச் சொன்னார். "மெஷின எடுத்துட்டுப் போ. சரியான செயினப் போடு. பத்துத் துண்டு வெட்டி, அந்தப் பத்தையும் சனிக்கிழம ஷெட்டுக்குக் கொண்டு வா. பாக்கறேன்."

"வேலைக்கா அக்கா?"

"துண்டப் பாக்கறேன்னேன்."

கொழுந்தனார் பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி அவனிடம் நீட்டினார். சூடாக இருந்தது. மெதுவாகக் குடிக்கலாம் என்றிருந்தான். அதற்குள் அக்கா மேலேற, கொழுந்தனாருக்கு இரண்டு கையும் கயிற்றுக்கு வேண்டியிருந்தது. மடமடவென்று குடித்து மூடியைத் திருப்பிக் கொடுத்தான். பெரிய ரம்பம் கிளம்பிய சத்தத்தில், அவன் "வரேன்" என்றது யாருக்கும் கேட்கவில்லை.

பேருந்தில் ரம்பத்தை மடியில் வைத்து, பாரைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போனார். ஒன்பது மணிக்குப் பணி மாறும் நேரத்தில் நிலையத்துக்குள் நுழைந்தான். பஞ்சுக்காரர் உதட்டசைவில் "இதென்ன?" என்றார். சொல்ல ஆரம்பித்தான். அவர் காதைத் தொட்டுக் காட்டித் தலையாட்டிவிட்டுப் போனார்.

ரம்பத்தைத் தரையில் வைக்க மனம் வரவில்லை. நாற்காலியில் வைத்தான். அன்று முழுவதும் நின்றுகொண்டே முட்களைப் பார்த்து எழுதினான். பதினோரு மானியிலும் முள் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. மற்ற நாட்களில் இந்த இடத்தில் அவன் மேற்படிக் குறிதான் போடுவான். மூன்று வருடத்துத் தாள்கள் அப்படித்தான் அலமாரியில் இருக்கின்றன. பத்து மணிக்கு முதல் கட்டத்தில் பேனாவை வைத்தவன், கொஞ்சம் நிறுத்தி, எண்ணை முழுதாக எழுதினான். அடுத்ததையும் எழுதினான். பதினொரு மணிக்கும் எழுதினான்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது பம்பின் முள் அரைக் கோடு கீழே இருப்பதைக் கண்டான். எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று பழைய தாள்களைப் புரட்டினால் தெரியப்போவதில்லை. அதையும் அப்படியே எழுதி, பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு குறிப்பு வைத்தான்.

மதியம் தங்கைக்குப் போன் போட்டான். வியாழக்கிழமை அவன் கூப்பிட்டதில்லை.

"என்னாச்சு அண்ணா, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. ஒரு தப்புப் பண்ணிட்டேன். போய்ச் சொல்லிட்டேன்."

"ரொம்பத் திட்டினாங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு? சத்தமாப் பேசு, பின்னாடி ஒரே இரைச்சல்."

சத்தமாகச் சொல்லும்படி அது இல்லை. "ஞாயித்துக்கிழமை பேசறேன்" என்றான். அவள் சரி என்றாள். வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தான்.

ஐந்து மணிக்கு, ஆள் மாறுவதற்கு முன், நாற்காலியின் ஓரத்தில் ரம்பத்தோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். திங்கட்கிழமை என்று முன்பே தேதி போட்டு வைத்திருந்த பக்கத்தை அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அதற்கு முந்தைய பக்கத்தில் எழுதினான்.

பிப்ரவரி 19, வியாழன். செயின் மாறிப்போனதைச் சொல்லிவிட்டேன். ரம்பம் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை இல்லை.

நாளை, வெள்ளி, வகுப்பில்: ஏழு பல் சக்கரம். அக்காவின் பார், பள்ளம் 1.3. செயின் 1.3, மாட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். பத்துத் துண்டு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் அளந்து, எண்ணை முழுதாக எழுத வேண்டும்.